நீளும் கையும் தூரத்தின் இலக்கணமும்: தால்சிம் பாத்திரத்தை ஆடக் கற்றல் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வாழ்வை ஆராயும் கட்டுரைகள் பெரும்பாலும் நாவல், சிறுகதை, நாட்டுப்புறப் பாடல், கோயில் வழிபாடு ஆகியவற்றையே களமாகக் கொண்டுள்ளன. விளையாட்டு என்று வரும்போது சடுகுடு, பல்லாங்குழி, கில்லி முதலியவை அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. 1990களுக்குப் பின் வளர்ந்த தலைமுறையினர் பலர் தம் ஓய்வுப் பொழுதைச் செலவிட்ட வீடியோ விளையாட்டோ நம் துறையின் கவனத்திற்கு அரிதாகவே வந்துள்ளது. வந்தபோதும் மாணவர் சீரழிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகவே அது பட்டியலிடப்படுகின்றது. உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டையும் வைத்து எண்ணிய தொல்காப்பியத்தை நாள்தோறும் கற்பிக்கும் நமக்கு இப்புறக்கணிப்பு பொருந்தாது.

இக்கட்டுரை ஒரேயொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கின்றது. ஜப்பானின் ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' எனும் சண்டை விளையாட்டில் தோன்றிய தால்சிம் என்பதே அப்பாத்திரம். ஆடுவோர் தேர்ந்தெடுக்கக்கூடிய எண்மருள் இந்தியன் இவன் ஒருவனே. ஆடக் கற்பதற்குக் கடினமானவர்களுள் ஒருவனும் இவனே. இவ்விரண்டும் ஒருவனிடத்தே கூடியதால் கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கிலுமுள்ள தோட்டப்புறங்களிலிருந்து வந்த இளைஞர்க்கு நேர்ந்தது என்ன என்பதே நம் வினா. பாத்திரத்தின் உருவத்தை மட்டும் படித்துத் தீர்ப்புக் கூறும் திறனாய்வு, அதை ஆடக் கற்பவனின் அறிவைக் காணத் தவறுகின்றது என்பது நம் கருத்து.

உருவம்

தால்சிமின் உருவத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. வற்றி மெலிந்த உடல், மழித்த தலை, முகத்தில் வண்ணக் கோடுகள், கழுத்தில் மண்டையோட்டு மாலை. அவன் மோதும் களத்தில் யானைகள் நின்று பிளிறுகின்றன. வாயிலிருந்து தீ உமிழும்போதெல்லாம் 'யோகா' என்று முழங்குகின்றான். தால்சிம் என ஓர் ஆட்பெயரை எந்த இந்திய மொழியிலும் நாம் கேட்டதில்லை. மனைவியின் பெயர் ஸாலி, மகனின் பெயர் தத்தா. கொல்லாமையில் பற்றுடையவன் என்றும், வறுமையுற்ற தன் ஊர் மக்களுக்குப் பொருள் ஈட்டவே விருப்பமின்றிச் சண்டையிடுகின்றான் என்றும், மாலையிலுள்ள மண்டையோடுகள் கொள்ளைநோயில் மாண்ட ஊர்க் குழந்தைகளுடையவை என்றும் பின்கதை கூறுகின்றது. 1994இல் வந்த ஹாலிவுட் திரைப்படத்தில் இப்பாத்திரம் ஒரு மருத்துவ அறிஞனாக மாற்றப்பட்டது. 'காந்தி' படத்தில் நேருவாக நடித்த ரோஷன் சேத் அதை ஏற்று நடித்தார் என்பது இந்திய ஆய்வாளர்க்கு ஒரு சுவையான துணுக்கு.

இதனைக் கீழைத்தேயத்தைப் பற்றிய கேலிச்சித்திரம் என ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர் கூற்றில் உண்மையும் உண்டு. எனினும் அத்தீர்ப்புக்கு முன் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். ஒன்று, மண்டையோடு ஏந்திய துறவியை நகைப்புக்குரியவனாக மேடையேற்றியதில் அயலார் முந்தியவரல்லர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' ஒரு காபாலிகனின் காணாமற்போன கபாலத்தைச் சுற்றியே சுழல்கின்றது.

இரண்டாவது செய்தி இன்னும் வியப்பானது. பதஞ்சலி யோகசூத்திரத்தின் மூன்றாம் பாதம் எண்வகைச் சித்திகளைக் குறிக்கின்றது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் அவற்றை விரித்துரைக்கின்றது. அவற்றுள் 'பிராப்தி' என்பதற்கு வியாசர் பெயரால் வழங்கும் பழைய உரை தரும் எடுத்துக்காட்டு, யோகி தன் விரல்நுனியால் நிலவைத் தொடுகிறான் என்பதாகும். நின்ற இடத்திலிருந்தே தொலைவிலுள்ளதைத் தீண்டும் ஆற்றல் அது. தால்சிமின் கைகால்கள் திரையின் பாதிக்கும் மேலாக நீள்வதை வெறும் கோமாளித்தனம் என்று கருதும் தமிழாசிரியர் இவ்வுரையை ஒருமுறை நோக்குவது நலம். மறைந்து வேறோர் இடத்தில் தோன்றுவதும், அண்மைப் பதிப்புகளில் காற்றில் மிதப்பதும் சித்திகளைப் பற்றிய கதைமரபில் நாம் கேட்டவையே. உருவாக்கியவர்கள் இந்நூல்களைப் பயின்றனர் என்று நாம் சொல்லவில்லை. நீளும் கையுடைய இந்திய யோகி ஒருவன் 1976இல் வந்த சீனச் சண்டைப்படம் ஒன்றிலேயே தோன்றிவிட்டான். அங்கிருந்தே இவன் பிறந்தான் எனப் பரவலாகக் கூறப்படுகின்றது. எவ்வாறாயினும், பல கை மாறிக் கசங்கி வந்த படிமத்திலும் மூலத்தின் ஒரு கூறு எஞ்சியுள்ளது. அக்கூறுதான் ஆட்டத்தின் மையமாகவும் அமைந்துவிட்டது.

ஆட்டத்தைப் படித்தல்

சண்டையைப் பாடுவதில் தமிழுக்கு நீண்ட மரபுண்டு. அம்மரபில் நமக்கு வழிகாட்டக்கூடியது புறநானூற்றின் 80ஆம் பாடல். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடுகின்றார். கிள்ளி எப்படிப்பட்ட உடையணிந்தான், எவ்வளவு பொலிவாக இருந்தான் என்பதில் அவர் கருத்துச் செலுத்தவில்லை. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தியிருந்தது, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைத்திருந்தது என்று கால்களின் வேலையைப் பிரித்துக் காட்டுகின்றார். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இக்காட்சியைத் தந்தை தித்தன் வந்து காணட்டும் என்கிறார். தந்தைக்கும் மகனுக்கும் பகை என்பதை அறிந்தே இதைச் சொல்கின்றார். சண்டையைப் படிப்பதென்றால் இவ்வாறு படிக்க வேண்டும் என்பது நம் கொள்கை. தால்சிமையும் அவ்வாறே அணுகுவோம்.

இவ்வகை விளையாட்டில் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்கள் உண்டு. இடக்கையில் நெம்புகோலோ திசைப் பொத்தானோ இருக்கும். புதிதாக ஆட வருவோர் வழக்கமாக எடுப்பது ரியூ எனும் ஜப்பானிய வீரனை. அவனிடம் முன்னே பாயும் ஆற்றல்பந்து உண்டு, மேலே பாய்ந்து வருபவனை வீழ்த்தும் எழுகுத்து உண்டு, நடை சீரானது. சில நாட்களிலேயே ஆட்டம் ஆட்டமாகத் தோன்றத் தொடங்கிவிடும். தால்சிமிடம் இவை எவையும் ரியூவிடம் உள்ளபடி இல்லை. அவன் நடை மெதுவானது. குதித்தால் காற்றில் பஞ்சு போல் நெடுநேரம் நிற்கின்றான். எதிரி நெருங்கி அழுத்தும்போது ஓர் எழுகுத்தால் தன்னை விடுவித்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை. அவன் உமிழும் தீப்பந்தும் பெரும்பாலும் மெல்லவே நகரும். 2023 ஜூன் 2இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் கேப்காம் நிறுவனமே இவனைக் கடினமான பாத்திரங்களின் வரிசையில் வைத்துள்ளது.

மாற்றாக அவனுக்கிருப்பது நீளம். நின்று குத்தினால் கை நேரே நீள்கின்றது. பழைய பதிப்பில் குனிந்து உதைத்தால் உடல் தரையோடு சறுக்கிச் செல்லும். முதற்பதிப்பில் எதிரியின் அண்மையைப் பொறுத்து அடி தானே குட்டையாகவோ நெட்டையாகவோ அமைந்தது. பிற்காலப் பதிப்புகளில் திசையைப் பின்னுக்கு அழுத்திக்கொண்டு பொத்தானைத் தட்டினால் குட்டையடி, வெறுமனே தட்டினால் நெட்டையடி. ஆகவே ஒவ்வொரு பொத்தானுக்கும் இரு பொருள். எது வேண்டும் என்பதை ஆடுபவனே நொடிக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

கற்பவர் இடறி விழும் இடம் இதற்கும் அப்பால் உள்ளது. நீட்டிய கை எதிரியை அடிக்கும் கருவி மட்டுமன்று. அடிபடும் உடம்பும் அதுவே. இந்த விளையாட்டில் ஒரு வினாடி 60 சட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. கை நீள்வதற்குச் சில சட்டங்கள், நிற்பதற்குச் சில, திரும்பி வருவதற்குப் பல. திரும்பி வரும் அச்சிறு பொழுதில் அந்தக் கையின்மேல் எதிரியின் ஓர் உதை பட்டால் போதும், நெடுந்தொலைவில் நிற்கும் தால்சிம் சரிந்துவிடுவான். புதியவன் இதை அறியாமல் நீளமே பாதுகாப்பு என்று எண்ணிப் பெரிய பொத்தானை ஓயாது அழுத்துகின்றான். அடிவாங்கத் தொடங்கியதும் மறைந்து தோன்றும் வித்தையை நாடுகின்றான். எங்கே தோன்றுவான் என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டபின் அவ்வித்தை தன்னைத் தானே ஒப்புக்கொடுப்பதற்குச் சமம். பலர் இந்த இடத்தோடு பாத்திரத்தைக் கைவிட்டு ரியூவிடம் திரும்புவர்.

எஞ்சுவோர் கற்பது தூரத்தை. எவ்வளவு தொலைவில் எந்தக் கை, எதிரி குதிக்கும் முன் அவன் தோளில் தெரியும் அசைவு எது, தீப்பந்தை அனுப்பிவிட்டு அதன் பின்னே எத்தனை அடி நடந்து செல்லலாம் என்பனவே பாடங்கள். பிடித்துத் தூக்கி எறிவதையே தன் வலிமையாகக் கொண்ட ரஷ்ய மல்லன் ஸாங்கீஃப் எதிரே நிற்கும்போது இப்பாடங்கள் முழுமையாகச் சோதிக்கப்படுகின்றன. அவனுக்கு ஒரே ஒருமுறை நெருங்கினால் போதும். தால்சிமோ அந்த ஒருமுறையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பவர்க்கு அலுப்பூட்டும் இவ்வாட்டம், ஆடுபவர்க்கு ஒவ்வொரு கணமும் கணக்கு.

வட்டாரமும் வேடமும்

1990களில் மலேசியச் சிறுபட்டணங்களின் கடைவரிசைகளில் காசு போட்டு ஆடும் எந்திரங்கள் இருந்ததைப் பலர் நினைவுகூர்வர். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பட்டணங்களைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அப்போது பால்மரம் பெருமளவு செம்பனைக்கு இடம்விட்டிருந்தது. தோட்டத்துப் பையன்களுக்குப் பட்டணம் என்பது மளிகை, முடிதிருத்தம், திரைப்படம் ஆகியவற்றோடு இவ்வெந்திரமுமாக இருந்தது. சூதாட்டத்தோடு சேர்த்தெண்ணப்பட்டதால் அங்கே நிற்பது வீட்டில் ஏச்சுக்குரிய செயல். 1991இன் முதற்பதிப்பில் இருவர் மோதும்போது ஒரே பாத்திரத்தை இருவரும் எடுக்க இயலாது. இந்தியன் ஒருவனே என்னும் நிலையில், அவனை எடுத்தவன் இந்தியனாகவே பார்க்கப்படுவான். வேறொருவன் எடுத்தால் அதுவும் பேச்சாகும். பல இனத்தார் கூடி நின்ற அவ்விடத்தில் மண்டையோட்டு மாலையணிந்த அந்த உருவம் தமிழ்ப் பையனுக்குக் கிண்டலாகத் திரும்பிவரும் வாய்ப்பு மிகுதி. அக்கிண்டலுக்கு விடை சொல்லும் வழி ஒன்றே: அவனைக் கொண்டு வெல்வது. அதுவோ எளிதன்று.

இங்கே வேடம் கட்டுதல் என்னும் நம் பழைய சொல் கைகொடுக்கின்றது. கூத்தில் வேடம் கட்டுபவன் அவ்வேடத்தின் குணத்தை ஏற்றுக்கொண்டவன் ஆகிவிடுவதில்லை. அடவும் குரலும் காலமும் அவன் கற்றவை. தால்சிமை எடுத்த பையனும் அந்தக் கேலிச்சித்திரத்தை ஏற்றுக்கொண்டவன் அல்லன். உருவம் ஒசாகாவில் வரையப்பட்டது, நிதானம் ஆடுபவனுடையது.

புக்கிட் ரோத்தானை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து குடிபெயர்ந்து மலிவுவிலை வீட்டில் வாழும் குடும்பத்து இளைஞர் ஒருவர் ஆறாம் பதிப்பில் தால்சிமைக் கற்று வருவதை நாம் பல மாலைகளில் உடனிருந்து பார்த்தோம். தொழிற்சாலையில் முறைமாற்று வேலை. எளிய கட்டுப்பாட்டு முறையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் பொத்தான்கள் குறைவாதலால் சில கைகால்கள் கிடைக்காமற் போகும் என்றார். பயிற்சி அரங்கில் எதிர்ப்பாவையைக் குறிப்பிட்ட தொலைவிலிருந்து குதிக்கச் செய்து, அச்செயலைப் பதிவு செய்து, ஒரே குதிப்பை மீண்டும் மீண்டும் வரவழைத்து அதற்கு எந்த அடி பொருந்தும் என்று பார்த்தார். ஒரு மாலை முழுவதும் இது மட்டுமே. நம் வகுப்பறைகளில் இன்றைய மாணவர்க்குப் பொறுமையில்லை என்று நாம் கூறிவருவது நினைவுக்கு வந்தது.

அவருடைய பெரியப்பா தோட்டத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் தேநீர்க் குவளையோடு வந்து திரையைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, "கையை நீட்டுறது பெருசில்ல தம்பி. நீட்டின கையை நீ எப்போ திருப்பி வாங்குறேன்னு அவன் பார்த்துக்கிட்டே இருக்கான்," என்றார். "அதைத்தான் பெரியப்பா ரெண்டு மாசமா படிச்சுக்கிட்டிருக்கேன்," என்றார் இளைஞர். பெரியவர்க்கு அந்த விளையாட்டின் பெயர்கூடத் தெரியாது.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு மரபு குருதியில் ஓடுகின்றது என்பன போன்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக் கூடாது. அவ்விளைஞர் கம்பைக் கையிலெடுத்தவர் அல்லர். பெரியப்பா கண்டது மரபுத் தொடர்ச்சியை அன்று. ஒரு சிக்கலின் ஒப்புமையை. சிலம்பத்தில் கம்பைக் கொடுக்கும் முன் காலடி சொல்லிக்கொடுப்பது வழக்கம். நீண்ட கருவி உடையவனுக்கு எதிரியைத் தொலைவில் நிறுத்துவதே காப்பு. வீசிய கம்பு சுற்றி வருமுன் எதிரி உள்ளே புகுந்துவிட்டால் நீளமே அவனுக்குப் பகை. இந்த அறிவு சிலம்பக்காரர்க்கு உடலிலிருந்தும், இளைஞர்க்குக் கண்ணும் விரலும் வழியாகவும் கிட்டியுள்ளது. இருவரும் ஒருவர் சொல்லை மற்றவர் உடனே புரிந்துகொண்டனர் என்பதே நமக்கு முதன்மையான செய்தி. அவ்வீட்டில் அவ்விரு தலைமுறையும் வேறெதைப் பற்றியும் அவ்வளவு எளிதாகப் பேசி நாம் கேட்டதில்லை. இளைஞரின் தந்தை அப்போது முன்கூடத்தில்தான் இருந்தார், எழுந்து வரவில்லை.

கடினத்தைத் தேர்தல்

எளிதாக வெல்லும் பாத்திரங்கள் இருக்கக் கடினமானதை ஒருவர் ஏன் தேர்கின்றார் என்னும் வினாவுக்கு இன உணர்வு மட்டும் விடையாகாது. சிங்கப்பூரைச் சேர்ந்த ஹோ குன் சியான் 2013இல் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் நடைபெறும் ஈவோ போட்டியில் நான்காம் பதிப்பின் வெற்றியாளரானார். அவர் ஆடியது இருவேறு நிலைகளுக்கு மாறி மாறிச் செல்லும் முதிய சீனப் போராளிப் பாத்திரத்தை. ஒவ்வொரு நிலையிலும் பொத்தான்களின் பொருள் மாறுவதால் அதனைத் தேர்வோர் மிகச் சிலர். அரிதாக ஆடப்படும் பாத்திரத்தின் இயல்பை எதிரிகளும் அறியார் என்பது ஓர் ஆதாயம். அதனினும் மேலாக, அத்தகைய பாத்திரத்தில் ஆடுபவரின் கைவண்ணம் தனித்துத் தெரியும். ரியூவை எடுத்தவர் நூறு பேர் ஏறத்தாழ ஒன்றுபோல் ஆடுவர். நல்ல தால்சிம் ஆட்டக்காரர் இருவர் ஒன்றுபோல் ஆடுவதில்லை. விருத்தம் பலரும் எழுதிய காலத்தில் சித்திரகவியை நாடிய புலவரின் மனநிலைக்கு இது நெருங்கியது எனலாம். ஆயினும் சித்திரகவி பெரும்பாலும் திறமையோடு நின்றுவிட, இங்கே எதிரே ஒரு மனிதன் இருப்பதால் திறமை மட்டும் போதுவதில்லை.

இதிலிருந்து ஆசிரியர்கள் பாடத்திட்டம் வகுக்க முற்பட வேண்டும் என்பது நம் நோக்கமன்று. வீடியோ விளையாட்டில் நேரத்தைத் தொலைத்துத் தேர்வில் பின்தங்கிய பிள்ளைகள் தோட்டப்புறங்களில் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தூரத்தைக் கணிக்கக் கற்ற விரல் தானாகவே கட்டுரை எழுதிவிடாது. ஆனால் 2023இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பதக்கத்திற்குரிய போட்டியாக இடம்பெற்று, தென்கொரியாவின் கிம் குவான்வூ தங்கம் வென்றதையும் நாம் காண்கிறோம். உலகம் ஒரு கலையாகவோ விளையாட்டாகவோ ஏற்றுக்கொண்டதை இன்னும் கெட்டபழக்கம் என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசுவோமானால், அவ்விளைஞர் போன்றோர் தாம் கற்றதைப் பற்றி நம்மிடம் வாய்திறக்கப் போவதில்லை.

பாடவேறுபாடு

இறுதியாக, தமிழாய்வாளர்க்கு நன்கு பழக்கமான ஒரு சிக்கலைச் சுட்ட வேண்டும். தால்சிம் என்பது ஒரே பாடமன்று. 1991இன் தால்சிமுக்கு மறைந்து தோன்றும் வித்தை இல்லை; 1992இன் விரைவுப் பதிப்பில்தான் அது வந்தது. 1997இல் தொடங்கிய மூன்றாம் வரிசையில் அவனே இல்லை. 2008இன் நான்காம் வரிசையில் மீண்டான். 2016இன் ஐந்தாம் பதிப்பில் தாடியும் தலைப்பாகையும் பெற்று ஓர் ஆசானைப் போலத் தோற்றம் கொண்டான். ஆறாம் பதிப்பில் நிறுவனம் அவ்வப்போது இணையம் வழியே திருத்தங்களை வெளியிடுகின்றது. ஒரு கையின் நீளமோ அது திரும்பும் பொழுதோ சில சட்டங்கள் மாறினால், மாதக்கணக்கில் பயின்ற தூரம் மாறிவிடும். ஏட்டுச்சுவடியில் பாடவேறுபாட்டைக் கண்டவர் பழைய பாடத்தையும் அடிக்குறிப்பில் காத்து வைப்பர். ஆட்டக்காரர்க்கு அந்த வசதி இல்லை. பழைய பாடம் திரையிலிருந்தே நீங்கிவிடுகின்றது. புக்கிட் ரோத்தான் இளைஞரிடம் ஒரு பள்ளி ஏடு உள்ளது. ஒவ்வொரு திருத்தம் வந்தபோதும் எந்த அடி எந்தத் தொலைவுக்கு எட்டிற்று என்பதைத் தமிழும் மலாயும் கலந்து அதில் குறித்து, மாறியவற்றை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கின்றார்.